முன்கையில் மூன்று கோடுகள்

ஆந்தை சுழல் கதவில் மாட்டிக்கொண்டான்.

பல் மருத்துவமனை இருந்த எட்டு மாடிக் கட்டடத்தின் பின்பக்கம், வேலையாட்கள் வருகிற வழி அது. சுவரில் இருக்கும் பெட்டியில் அட்டையைத் தேய்த்தால் ஓர் ஆளை மட்டும் உள்ளே விடுகிற, ஆளுயர இரும்புச் சுழல் கதவு. காவலாளி இரக்கப்பட்டுத் தன் அட்டையைத் தேய்த்தார். ஆந்தை தோள்பையும் குடையுமாக ஒரே மூச்சில் நுழைந்தான். குடை ஒரு கம்பியில் சிக்கியது, பை இன்னொரு கம்பியில். ஆந்தை இரண்டுக்கும் நடுவில்.

"அப்படியே இருங்க தம்பி," என்றாள் வெளியே நின்ற அண்ணி. "உங்களை ஒரு இடத்துல நிலையா பாக்கணும்னு உங்க அண்ணனுக்கு ரொம்ப நாள் ஆசை. போட்டோ எடுத்து அனுப்பறேன்."

"சாமானோட வந்தா மெதுவா வரணும் சார்," என்றார் காவலாளி, குடையைப் பிடித்து இழுத்தபடி. "கண்ணாடி துடைக்கிறவங்க தினமும் வாளி, கம்பு, கயிறோடதானே வர்றாங்க. முதல்ல வாளியை உள்ள தள்ளி, கம்பைச் சாய்ச்சு, அப்புறம்தான் ஆளு. ஒவ்வொருத்தரா. அவசரப்பட்டா இப்படித்தான்."

ஆந்தைக்கு அந்த நேரத்தில் அறிவுரை வேண்டியிருக்கவில்லை. கடப்பாரை வேண்டியிருந்தது.

அவனுக்கு ஆந்தை என்று பேர் வந்தது இரவுக் காவல் வேலையில். ஏழு வருடம் பார்த்தான். உலகத்திலேயே ராத்திரியில் தூங்குகிற ஒரே ஆந்தை நீதான் என்று சொல்லி மேலாளர் வீட்டுக்கு அனுப்பினார். அதற்கு முன்னால் சட்டக் கல்லூரியில் ஒரு வருடம் இருந்தான். அங்கே பகலில் தூங்கினான். இரண்டிலும் தேறாதவன் மூன்றாவதாகத் துப்பறியத் தொடங்கினான். விழித்திருக்கத் தெரியாது, சட்டம் அரைகுறை. இந்தத் தொழிலுக்கு இதைவிட என்ன தகுதி வேண்டும் என்று அவனே கேட்டுக்கொள்வான். பதில் சொல்ல அண்ணி இருந்தாள். "அவன் உருப்பட மாட்டான், கூட இருந்து பாத்துக்கோ" என்று அண்ணன்தான் அவளை உதவியாளராக அனுப்பிவைத்தது. உருப்படாததைப் பக்கத்தில் இருந்து பார்க்கக் கசக்குமா என்று அவளும் வந்துவிட்டாள்.

வழக்கு இதுதான். செவ்வாய்க்கிழமை காலையில் நாலாம் மாடிப் பல் டாக்டரின் கைக்கடிகாரம் காணாமல் போனது. முந்தின நாள் மாலை மேஜையில் வைத்தது, காலை ஏழரைக்கு இல்லை. அந்த மாடியின் உள்பக்கக் கண்ணாடிகளைத் துடைப்பது ஐந்து பேர் கொண்ட குழுவில் ஒருவரின் பொறுப்பு. கண்ணாடிக்காரர் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். நாலு வருடத்துக்கு முன் வேறு நாட்டிலிருந்து வேலை அனுமதியில் வந்தவர். செவ்வாய் காலை ஆறு நாற்பதுக்கு அவர் அட்டை இந்தச் சுழல் கதவில் பதிவாகியிருந்தது. போலீஸ் அந்தப் பதிவை அச்செடுத்து, அவர் வரியில் மஞ்சள் கோடு போட்டு, ஆளைப் பிடித்து உள்ளே வைத்தது. இன்று வியாழன். மதியம் இரண்டு மணிக்கு நீதிமன்றம் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கும்: குற்றத்தை ஒத்துக்கொள்கிறாயா, இல்லையா?

அவருக்காக அரசாங்கம் நியமித்த வக்கீலம்மாவுக்குக் கோப்பு கைக்கு வந்ததே காலை எட்டு மணிக்கு. எட்டரைக்கு ஆந்தையைக் கூப்பிட்டுவிட்டார்.

"ஒத்துக்கிறேன்கிறார். கடிகாரம் எங்கேன்னு கேட்டா ஜன்னல் வழியா எறிஞ்சிட்டேன்கிறார். போய் அந்த ஜன்னலைப் பாரு."

பார்த்தார்கள். பல் டாக்டரே கூட்டிப்போய்க் காட்டினார்.

"இது திறக்காதுங்க. கட்டும்போதே திறக்காத மாதிரி கட்டினது. பல்லைப் பிடுங்க வர்றவங்க குதிச்சிடுவாங்கன்னு நினைச்சாங்களோ என்னவோ."

ஆந்தை கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தான். அசையவில்லை. ஐந்து விரலும் உள்ளங்கையும் பளிச்சென்று பதிந்ததுதான் மிச்சம்.

"நல்லா ரேகை வச்சிட்டீங்க," என்றாள் அண்ணி. "அடுத்த தடவை ஏதாவது காணாமப் போனா போலீசுக்கு அலைச்சல் இல்ல."

படியில் இறங்கும்போது ஆந்தை சொன்னான்: "திருடினவன் திருடலைன்னு சொல்றதுதானே அண்ணி வழக்கம். இவர் எதுக்குத் திருடாததைத் திருடினேன்கிறார்?"

"அதைக் கண்டுபிடிக்கத்தான் உங்களைக் கூப்பிட்டிருக்காங்க. பாவம், வேற ஆள் கிடைக்கலை போல."

*

காவல் நிலையத்தின் சந்திப்பு அறையில் ஒரு மேஜை, நாலு நாற்காலி. அதில் ஒன்றுக்குக் கால் சரியில்லை. ஆந்தை அதில்தான் உட்கார்ந்தான். வக்கீலம்மா எதிரே கோப்பைத் திறந்து வைத்திருந்தார். கண்ணாடிக்காரர் நாற்பது வயதுக்காரர். கயிற்றில் தொங்கி வேலை செய்கிறவருக்கு உரிய தோள். குரல் மட்டும் சின்னது.

"எழுதிக்கோங்கம்மா. நான்தான் எடுத்தேன். அபராதம் கட்டிடறேன். சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம்னு போலீஸ் சார் சொன்னார்."

"அவர் சொன்னது பொய் இல்ல. வீட்டுக்குப் போகலாம்," என்றார் வக்கீலம்மா. "போய்ப் பெட்டி கட்டலாம். திருட்டை ஒத்துக்கிட்டா உங்க வேலை அனுமதி ரத்து. அபராத ரசீதைக் கையில வச்சுக்கிட்டு விமானம் ஏறணும். காலையிலேயே சொன்னேன்."

"எங்க அறையில ஒருத்தர் இருக்கார், சட்டமெல்லாம் தெரியும். அபராதம் கட்டினா விஷயம் அத்தோட முடிஞ்சதுன்னு சொல்லுவார். அவரே கட்டியிருக்கார்."

"எதுக்குக் கட்டினார்?"

"சைக்கிள்ல விளக்கு இல்லாம போனதுக்கு."

அண்ணி இருமினாள். ஆந்தைக்கு அந்த அறைத்தோழர் மேல் உடனே ஒரு பாசம் வந்தது. அரைகுறைச் சட்டம் படித்தவனுக்கு இன்னொரு அரைகுறையைத் தெரியும்.

"உங்க சம்சாரமும் பொண்ணும் எப்ப வர்றாங்க?" என்று கேட்டார் வக்கீலம்மா.

"இன்னும் பத்தொன்பது நாள்." அதைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் பெரிதானது. "தனி அறை பாத்தாச்சு. பொண்ணுக்குக் கட்டில் வாங்கியாச்சு."

"அப்போ உண்மையைச் சொல்லுங்க. செவ்வாய்க்கிழமை ஆறு நாப்பதுக்கு எங்க இருந்தீங்க?"

கண்ணாடிக்காரர் வாயை மூடிக்கொண்டார். பூட்டுப் போட்ட மாதிரி.

மேஜையில் அவருக்குக் கொடுத்த காலை உணவு இருந்தது: ஒரு பெரிய பன், ஒரு வாழைப்பழம். அவர் பன்னை எடுத்தார். தலைகீழாகத் திருப்பினார். அடிப்பக்கத்தை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினார். முகத்தைச் சுளித்துத் திரும்ப வைத்துவிட்டு வாழைப்பழத்தை உரித்தார். கை நீண்டபோது சட்டைக் கை மேலேறியது. முன்கையின் உள்பக்கம் குறுக்கே மூன்று கோடுகள். ஒன்று கறுத்து ஆறியது, ஒன்று சிவந்தது, ஒன்றில் இன்னும் தோல் உரிந்துகொண்டிருந்தது.

ஆந்தை பார்த்துவிட்டான். வெளியே வந்ததும் அண்ணியின் காதருகே குனிந்தான்.

"சித்திரவதை அண்ணி. யாரோ சூடு வச்சிருக்காங்க. மூணு தடவை, மூணு வேற வேற நாள்ல. ஏதோ ஒரு கும்பல் அவரை மிரட்டுது. பன்னைத் தட்டினாரே, உள்ள ஏதாவது சீட்டு வச்சு அனுப்பியிருக்காங்களான்னு பாத்திருக்கார். ஒத்துக்கலைன்னா பொண்ணைத் தூக்கிடுவோம்னு—"

அண்ணி தன் இடது சட்டைக் கையை மடித்தாள். மணிக்கட்டுக்கு மேலே, குறுக்கே ஒரு கோடு.

"எனக்கும் கும்பல்தான் வச்சது. உங்க அண்ணன் பிறந்தநாளுக்கு கேக் சுட்டப்போ. அடுப்புக்குள்ள கைவிட்டுத் தட்டை எடுக்கும்போது மேல் தட்டோட விளிம்பு சுடும் தம்பி. வருஷத்துக்கு ஒரு கேக் சுடற எனக்கு ஒண்ணு. மூணு இருந்தா தினமும் தட்டு எடுக்கிற ஆளு. பன்னோட அடியைத் தட்டிப் பாக்கிறது வெந்துச்சா இல்லையான்னு தெரிய. வேகலை, அதான் வச்சிட்டார்."

ஆந்தை தன் கும்பலைச் சத்தமில்லாமல் கலைத்து அனுப்பினான்.

"அப்போ ரொட்டிக்கடை," என்றான், தானே கண்டுபிடித்த குரலில்.

"அடேங்கப்பா. எப்படிச் சார் கண்டுபிடிச்சீங்க?"

*

அவர் தங்கியிருந்த விடுதிக்கும் எட்டு மாடிக் கட்டடத்துக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு ரொட்டிக்கடை. முன்பக்கம் கண்ணாடிப் பெட்டிகள், பின்பக்கம் மூன்று பெரிய மின்னடுப்புகள். கடைக்கார அக்கா கை இரண்டும் மாவுமாக வந்து நின்றாள்.

"அப்படி யாரையும் எனக்குத் தெரியாது."

"நாங்க போலீஸ் இல்லக்கா," என்றாள் அண்ணி. "இவரைப் பாத்தாலே தெரியலையா?"

அக்கா ஆந்தையை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த பயம் போய்விட்டது. அவனுக்கு அது பெருமையாக இல்லை.

"தெரியும்," என்றாள். "ஆனா இங்க வேலை ஒண்ணும் செய்யலை. சும்மா வந்து நிப்பார்."

சும்மா நிற்கிறவரின் பேர் அவள் முதுகுக்குப் பின்னால் கரும்பலகையில் இருந்தது. எந்த அடுப்பில் யார் எத்தனை மணிக்குத் தட்டு வைத்தார் என்று சாக்பீஸில் எழுதுகிற பலகை. கருகினால் யாரைத் திட்டுவது என்று தெரிய வேண்டுமல்லவா? வாரக் கடைசியில்தான் அழிப்பார்கள். செவ்வாய்க்கிழமைக்கு நேரே: அடுப்பு இரண்டு, ஆறு முப்பத்தைந்து, கண்ணாடி. அடுப்பு இரண்டு, ஆறு ஐம்பத்தைந்து, கண்ணாடி.

"தினமும் நாலு மணிக்கு வந்து ஏழேகாலுக்குப் போவார்," என்றாள் அக்கா, இனி ஒளிக்க ஒன்றுமில்லை என்று ஆனதும். "தனி அறை எடுக்கணும்னு நாலு மாசமா வர்றார். இதுவரை ஒரு தட்டு கருக்கினதில்ல. என் தம்பி மாதிரி. என் தம்பியே கருக்குவான்."

ஆந்தை பலகையைப் படம் எடுத்தான். அவன் வாழ்க்கையில் இதுவரை ஒருத்தரைக்கூட நிரபராதி என்று நிரூபித்ததில்லை. ஏழு வருடக் காவலில் ஒரு திருடனைப் பிடித்ததில்லை. ஒரு தடவை பூனையைப் பிடித்தான். அதுவும் மேலாளருடைய பூனை. இப்போது கையில் முழுசாக ஓர் உண்மை, நேரத்தோடு, சாக்பீஸ் எழுத்தில்.

கடை வாசலில் நின்றே வக்கீலம்மாவுக்குப் போன் செய்தான். சொல்ல வேண்டியதை நாலு தடவை சொன்னான். மறுமுனை அமைதியாக இருந்தது. பாராட்ட வார்த்தை தேடுகிறார் என்று நினைத்தான்.

"ஆந்தை," என்றார் கடைசியில். "இதை வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல மேடம். இப்பவே போய் அரசு வக்கீல்கிட்ட—"

"போனா நானே உன்னை உள்ள தள்ளுவேன். அவரோட வேலை அனுமதியைப் படிச்சியா? ஒரே ஒரு முதலாளிகிட்டதான் வேலை செய்யலாம். கண்ணாடி துடைக்கிற கம்பெனி. வேற எங்கயும் ஒரு தட்டு தூக்கினாக்கூட அனுமதி ரத்து."

ஆந்தை கடையின் படிக்கட்டில் உட்கார்ந்தான்.

"திருட்டை ஒத்துக்கிட்டா விமானம்," என்றார் வக்கீலம்மா. "ரொட்டிக்கடையைச் சொன்னாலும் விமானம். திருட்டுக்கு அபராதம்தான்னு நம்பி, ரொட்டிக்கடையை மறைக்க அதை ஏத்துக்கிறார். நீ போட்டது நல்ல முடிச்சு. கழுத்துல போட்டுட்ட."

"அப்போ படத்தை அழிச்சிடவா?"

"அழிக்காதே. சாட்சியத்தை அழிக்கிறது தனிக் குற்றம். யார்கிட்டயும் காட்டவும் காட்டாதே. நீ என் சார்பா வேலை செய்யறவன், நீ கண்டுபிடிச்சது என் கோப்புக்குள்ள இருக்கும், அதை வெளியே கேக்க யாருக்கும் உரிமை இல்ல. நீ செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். வாயை மூடு."

போன் நின்றது. அண்ணி இரண்டு பன் வாங்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கடைசியா ஒண்ணைக் கண்டுபிடிச்சேன் அண்ணி. அது கண்டுபிடிக்கக் கூடாததாம்."

"சாப்பிடுங்க தம்பி. இது நல்லா வெந்திருக்கு."

*

ஒன்று இருபதுக்கு நீதிமன்ற வாசல். அங்கேயும் அதே ஆளுயரச் சுழல் கதவு. வருகிறவர்கள் பார்வையாளர் அட்டையைப் பெட்டியில் தேய்த்து, ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். ஆந்தைக்கு முன்னால் ஒரு கோப்புக் கட்டுக்காரர், ஓர் ஊன்றுகோல் பெரியவர், ஒரு கைக்குழந்தைக்காரி.

இந்தத் தடவை பையை முன்னால் பிடித்துக்கொண்டான். கையில் இருந்த குடையை மறந்துவிட்டான், அது கம்பியில் சிக்கியது.

"மறுபடியுமா?" என்றாள் அண்ணி பின்னாலிருந்து. "தம்பி, ரெண்டு மணிக்குள்ள வெளிய வந்துடுவீங்களா, இல்ல நீதிபதியை இங்க வரச் சொல்லவா? அந்தக் கட்டுக்காரருக்கு எட்டு வினாடி. பெரியவருக்குப் பதினொண்ணு. உங்களுக்கு எண்ணிக்கிட்டே இருக்கேன், நாப்பது தாண்டியாச்சு."

கம்பிகளுக்கு நடுவே நின்ற ஆந்தை, குடையை இழுப்பதை நிறுத்தினான்.

"என்ன சொன்னீங்க?"

"நாப்பது தாண்டியாச்சுன்னேன்."

"அதுக்கு முன்னாடி."

"கட்டுக்காரருக்கு எட்டு."

ஆந்தை அங்கேயே, கம்பிக்குள் நின்றபடியே பையைத் திறந்து போலீஸின் பதிவுத் தாளை எடுத்தான். காலையிலிருந்து இருபது தடவை பார்த்த தாள். இருபது தடவையும் மஞ்சள் கோடு போட்ட வரியை மட்டும்தான் பார்த்திருந்தான். போலீஸ் எங்கே கோடு போட்டதோ அங்கே மட்டும் பார்க்கிற துப்பறிவாளனுக்குப் போலீஸிலேயே வேலை போட்டுத் தரலாம். தாளின் பின்பக்கம் அண்ணி கேட்ட சாமான் பட்டியலை வேறு எழுதி வைத்திருந்தான்.

மஞ்சள் வரிக்கு மேலே இரண்டு வரி, கீழே இரண்டு வரி. குழுவில் மற்ற நாலு பேர்.

ஆறு நாற்பது, மூன்றாவது வினாடி. ஐந்தாவது வினாடி. எட்டு. பத்து. பன்னிரண்டு.

"அண்ணி, அஞ்சு பேரு. வாளி, கம்பு, கயிறோட. இந்த மாதிரிக் கதவுல. ஒன்பது வினாடில."

அண்ணி தாளைக் கம்பி வழியாகப் பார்த்தாள். வினாடிகளை ஒவ்வொன்றாக விரலால் எண்ணினாள்.

"அஞ்சு பேரு வரலை," என்றான் ஆந்தை. "அஞ்சு அட்டை வந்திருக்கு. ஒருத்தர் கையில, கொத்தா. காலையில கயிறு கட்ட ரெண்டு பேர் போதும். முறை வச்சு வருவாங்க, முதல்ல வர்றவர் எல்லாருக்கும் சேத்துத் தேய்ச்சிடுவார். மத்தவங்க எட்டு மணிக்குள்ள முன்வாசல் வழியா வந்து சேருவாங்க."

"அவங்களைப் பாக்காமலே எப்படித் தம்பி இவ்வளவு தெளிவா சொல்றீங்க?"

பின்னால் வரிசை முணுமுணுத்தது.

"என்னை வேலையை விட்டுத் தூக்கினாங்கல்ல, அந்தக் கடிதத்தோட இதே மாதிரி ஒரு தாள் இணைச்சிருந்தாங்க. ஏழு அட்டை, பதினாலு வினாடி. காவலாளி உறக்கத்தில்னு அடியில எழுதியிருந்துச்சு. ஏழு வருஷம் என் மூக்குக்கு முன்னாடி நடந்தது அண்ணி. உலகத்துலயே இதை முதல்ல பாத்திருக்க வேண்டிய ஆளு நான்."

"விடுங்க. அப்பத் தூங்கினது இப்ப உதவுதுல்ல," என்றாள் அண்ணி. பிறகு குடையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். குடையின் பிடி அவள் கையோடு வந்தது. ஆந்தை உள்ளே போய் விழுந்தான்.

*

இரண்டுக்கு இருபது நிமிடம். நீதிமன்றத்தின் கீழ்த்தளத்தில் ஒரு சின்ன அறை. ஆந்தை கொடுத்த பதிவுத் தாள் வக்கீலம்மா கையில் இருந்தது. ரொட்டிக்கடை என்ற வார்த்தையைக் கேட்டதும் கண்ணாடிக்காரரின் முகம் சாம்பல் நிறமானது.

"முடிஞ்சுதாம்மா?"

"இந்தக் கதவுக்கு வெளிய யாருக்கும் தெரியாது. நான் வாய் திறக்கவும் கூடாது," என்றார் வக்கீலம்மா. "நல்லாக் கேளுங்க. மேல போனதும் நீதிபதி கேப்பார், ஒத்துக்கிறீங்களான்னு. இல்லைன்னு சொல்லுங்க. அது உண்மை. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேச வேண்டாம். எங்க இருந்தேன்னு நீங்க சொல்லவே வேண்டியதில்ல. நீங்க அங்க இருந்தீங்கன்னு அவங்கதான் நிரூபிக்கணும். அஞ்சு அட்டையும் ஒரே கையில வந்திருக்கு, அந்தப் பதிவு அதுக்குப் போதாது."

"பேசாம இருந்தா தப்பு பண்ணினவன்னு ஆகாதா?"

"ஆகாது. பேசாம இருக்கிறது உங்க உரிமை."

"எங்க வீட்டுல பேசாம இருந்தா திமிருன்னு சொல்லுவாங்க."

"எங்க வீட்டுலயும் அப்படித்தான்," என்றாள் அண்ணி. "இங்க அதுக்கு சம்பளம் வாங்கிட்டு ஒரு அம்மா சொல்லித் தர்றாங்க. பிடிச்சுக்கோங்க."

அவர் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு கேட்டார்: "அட்டை தேய்ச்ச கூட்டாளிக்கு ஏதும் வந்துடுமா?"

"வரலாம். போலீஸ் கூப்பிட்டாங்கன்னா, வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி ஒரு வக்கீலைக் கேக்கச் சொல்லுங்க. அவருக்கும் இதே உரிமைதான்." வக்கீலம்மா எழுந்தார். "இன்னொண்ணு. நாளையிலேருந்து அந்தக் கடைக்கு ரொட்டி வாங்க மட்டும் போங்க."

அவர் தலையாட்டினார். தனி அறைக்கு என்ன செய்வது என்று கேட்கவில்லை.

மேலே, நீதிமன்ற அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் அரசு வக்கீல் நின்றிருந்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, அதைத் தேடிக்கொண்டிருந்தார். வக்கீலம்மா தாளை நீட்டினார். மஞ்சள் வரிக்கு மேலும் கீழும் விரலால் காட்டினார். நிறையப் பேசவில்லை. அரசு வக்கீல் கண்ணாடியைக் கண்டுபிடித்து மாட்டி, வினாடிகளைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். தாளைத் திருப்பினார்.

"இதென்ன, அரைக் கிலோ வெங்காயம், துணி சோப்பு?"

"அது சாட்சியம் இல்ல," என்றார் வக்கீலம்மா. "முன்பக்கம்."

"அஞ்சு அட்டையையும் தேய்ச்சது யாரு?"

"நல்ல கேள்வி. போலீஸ் கேட்டிருக்கணும்."

"சரி. உங்க ஆளு உள்ள இல்லைங்கறீங்க. அப்போ எங்க இருந்தார்?"

"உள்ள இல்லைன்னு நான் சொல்லலை. உள்ள இருந்தார்னு உங்ககிட்ட ஒண்ணும் இல்லைன்னு சொல்றேன். எங்க இருந்தார்னு சொல்ல வேண்டிய கடமை அவருக்கு இல்ல."

அரசு வக்கீல் சுற்றிப் பார்த்தார். பார்வை ஆந்தையில் வந்து நின்றது.

"இவர் உங்க துப்பறியிற ஆள்தானே? ஏன் சார், காலையிலேருந்து சுத்தியிருப்பீங்களே. எங்க இருந்தார்னு கண்டுபிடிச்சீங்களா?"

ஆந்தையின் சட்டைப்பையில் போன் இருந்தது. போனில் கரும்பலகை இருந்தது. ஆறு முப்பத்தைந்து, ஆறு ஐம்பத்தைந்து. தான் கண்டுபிடித்ததைச் சொல்ல ஒரு பெரிய மனிதர் அவனைக் கேட்பது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. நாக்கு நுனியில் ரொட்டியே வெந்துகொண்டிருந்தது. வாய் தன்னால் திறந்தது.

அண்ணி அவன் காலை மிதித்தாள். குதிகாலால், நன்றாக.

திறந்த வாய் திறந்தபடி நின்றது. கண்ணில் நீர் வந்தது. என்ன சொல்வது என்று தெரியாமல் அவன் வக்கீலம்மாவைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், மிதிபட்ட காலைப் பார்த்தான்.

"எதுவானாலும்... மேடத்தைத்தான் சார் கேக்கணும்," என்றான்.

அரசு வக்கீல் அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் ஆராய்ந்தார். பிறகு பரிதாபமாகத் தலையை ஆட்டினார்.

"விடுங்க. உங்களைக் கேட்டது என் தப்பு."

ஒரு வார்த்தை பொய் இல்லை. அவன் முகம் போதுமானதாக இருந்தது.

இரண்டு மணிக்கு நீதிபதி கேட்டார். கண்ணாடிக்காரர், "இல்லைங்க," என்றார். அத்தோடு நிறுத்திக்கொண்டார். கைகள் மட்டும் பின்னால் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டிருந்தன. அரசு வக்கீல் எழுந்து, கையில் இருக்கும் சான்றை வைத்து இந்த வழக்கை நடத்த முடியாது, திரும்பப் பெறுகிறேன் என்றார். எல்லாம் நாலு நிமிடம். ஆந்தை சுழல் கதவில் நின்ற நேரம் அதைவிட அதிகம்.

வெளியே வரும்போது ஆந்தைக்குப் பொறுக்கவில்லை.

"மேடம், கடிகாரத்தை எடுத்தது யாருன்னு—"

"நம்ம வேலை இல்ல."

"எனக்கு ஒரு யோசனை இருக்கு. அந்தப் பல் டாக்டர்—"

"ஆந்தை, வீட்டுக்குப் போய்த் தூங்கு. உனக்கு நல்லா வர்றதைச் செய்."

நீதிமன்றத்தின் முன்வாசல் பெரிய கண்ணாடிக் கதவு. ஆந்தை அதைப் பிடிகம்பியைப் பிடித்துத் தள்ளாமல், வழக்கம்போல் உள்ளங்கையை விரித்துக் கண்ணாடியில் வைத்துத் தள்ளினான். அண்ணி குடையின் பிடியோடும், அவன் பிடியில்லாத குடையோடும் படியிறங்கினார்கள்.

பின்னால் வந்த கண்ணாடிக்காரர் வாசலில் நின்றார். நன்றி சொல்லத்தான் நிற்கிறார் என்று ஆந்தை திரும்பினான். என்ன பதில் சொல்வது, பரவாயில்லை என்றா, என் கடமை என்றா என்று அவசரமாக யோசித்தான். கண்ணாடிக்காரர் அவனைப் பார்க்கவே இல்லை. கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து விரலும் உள்ளங்கையும் அதில் பளிச்சென்று இருந்தன.

அவர் கண்ணாடிக்கு அருகே வாயைக் கொண்டுபோய் ஒரு ஊது ஊதினார். சட்டைக் கையை உள்ளங்கைக்கு இழுத்துப் பிடித்து, மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் துடைத்தார். தலையைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தார். அந்த வழக்கில் ஆந்தை விட்டுப்போன கடைசித் தடயம் அத்தோடு போயிற்று.

பிறகு மூன்று கோடுகளும் மறைகிற மாதிரி சட்டைக் கையின் பொத்தானைப் போட்டுக்கொண்டு, கட்டில் வந்துவிட்டதா என்று கேட்க யாருக்கோ போன் செய்தபடி படியிறங்கிப் போனார்.